தென்பெண்ணை பிறக்கும் ஊரில் பிறந்த பொறியாளர்

நமது மலருக்கு சர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதுகிறேன் என்று நான் சொன்னதும், மலர்க் குழுவில் இருக்கும் தஞ்சாவூர் நண்பருக்கு அது ரசிக்கவில்லை. கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டி நம் தண்ணீரை மறித்த மனுஷனையா நாம் பாராட்டி எழுதுவது, நமக்கு பென்னிகுயிக் இல்லையா, காட்டன் துரை இல்லையா, அவர்களுக்கும் முன்னால் கல்லணை கட்டிய கரிகாலன் இல்லையா என்று போனிலேயே பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. டெல்டாவில் பிறந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் ஓசூரில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியவன். எங்கள் ஊருக்கு வருகிற தண்ணீரும், அந்தத் தண்ணீரோடு வருகிற தலைவலியும் வடக்கேயிருந்துதான் வருகின்றன. ஆகவே எனக்கு இவரை விட்டுவிட்டு சிவில் இன்ஜினியரிங் பற்றி எழுத வரவில்லை. குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன் என்று சொல்லி நண்பரைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் ஒரு பூகோளச் செய்தி. ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, சாத்தனூர், திருக்கோயிலூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் கலக்கும் நம் தென்பெண்ணை, நந்தி மலைத் தொடரில் பிறக்கிறது. கன்னடத்தில் அதற்கு தட்சிண பினாகினி என்று பெயர். அந்த நந்தி மலை அடிவாரத்தில், சிக்கபள்ளாப்பூர் பக்கத்தில் உள்ள சிற்றூர் முத்தேனஹள்ளி. அங்கேதான் விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். அதே ஆற்றின் கரையோரம், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் 1878-ல் ராஜாஜி பிறந்தார். இருவரும் வெவ்வேறு காலத்தில் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தவர்கள். 1954-ல் ராஜாஜிக்கும் 1955-ல் விஸ்வேஸ்வரய்யாவுக்கும் பாரத ரத்னா கிடைத்தது. ஒரு சின்ன ஆறு, மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணலாய்க் கிடக்கிற ஆறு, இரண்டு பாரத ரத்னாக்களைத் தந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பிறந்த நாள் செப்டம்பர் 15. இந்தியா முழுவதும் பொறியாளர் தினமாக நாம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஆண்டை 1860 என்றும் 1861 என்றும் இரு விதமாக எழுதுகிறார்கள். அஞ்சல் துறை 1960-ஐ நூற்றாண்டாகக் கொண்டு தபால்தலை வெளியிட்டது. தபால்தலையில் இருப்பவர் அப்போது உயிரோடு இருந்தார் என்பது இதில் விசேஷம்! தெலுங்கு பேசும் குடும்பம். முன்னோர் ஆந்திரத்து மோட்சகுண்டம் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். பெயருக்கு முன்னால் இருப்பது அந்த ஊர்தான். தந்தை ஸ்ரீனிவாச சாஸ்திரி சமஸ்கிருத பண்டிதர். பையனுக்கு விவரம் தெரியும் வயதிலேயே காலமாகிவிட்டார். மாமாவின் ஆதரவில் பெங்களூர் வந்து, ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டி, 1881-ல் பி.ஏ. முடித்தார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே அவரும் ஒரு வகையில் நம்ம மெட்ராஸ் பட்டதாரிதான். பிறகு மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்து பூனா அறிவியல் கல்லூரிக்கு அனுப்பியது. 1883-ல் அங்கே முதலிடம். கையில் வேலை தயாராக இருந்தது. 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் சிவில் என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. மலரைப் படிக்கப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு சிவில் என்றால் கம்பி, சிமென்ட், ஹெல்மெட், அவ்வளவுதான். ஒரு காலத்தில் இன்ஜினியர் என்றாலே ராணுவத்துக்காரன் என்று பொருள். கோட்டை கட்டுவான், அகழி வெட்டுவான், எதிரியின் மதிலைத் தகர்ப்பான். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்பவர், நான் படைக்கு வேலை செய்பவனல்ல, கலங்கரை விளக்கமும் கால்வாயும் பாலமும் கட்டுகிறவன் என்று வேறுபடுத்திக் காட்டுவதற்காகத் தன்னை சிவில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். 1818-ல் லண்டனில் அதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. தமிழில் குடிசார் பொறியியல் என்று மொழிபெயர்த்தவரை நான் மனசாரப் பாராட்டுவேன். கட்டடப் பொறியியல் என்று சொல்லியிருந்தால் பாதி அர்த்தம் போயிருக்கும். குடிமக்கள் குடிக்கிற தண்ணீர், நடக்கிற பாதை, கழித்துவிடுகிற சாக்கடை எல்லாம் அதில் அடக்கம். விஸ்வேஸ்வரய்யாவின் வாழ்க்கையைப் பார்த்தால் அவர் மேற்கொண்ட பணிகளில் கட்டடம் கொஞ்சம்தான். தண்ணீரும் சாக்கடையும்தான் நிறைய.

ஆரம்ப கால வேலைகளில் எனக்குப் பிடித்தது சக்கர். சிந்து மாகாணத்தில், சிந்து நதிக்கரையில் உள்ள ஊர் அது; இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1890-களின் நடுவில் அங்கே குடிநீர்த் திட்டம் போட அவரை அனுப்பினார்கள். ஆற்று நீர் ஒரே செம்மண் கலங்கல். வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை. அவர் என்ன செய்தார் என்றால், ஆற்றுப் படுகையிலேயே கிணறு எடுத்து, மணல் வழியாகக் கசிந்து வரும் தெளிந்த நீரைச் சேர்த்து மேலே ஏற்றினார். மணலே வடிகட்டி. நம் பக்கத்துப் பெண்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. கோடையில் தென்பெண்ணையில் கையால் மணலைத் தோண்டி, ஊற்று எடுத்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பியவர்கள்தானே! அந்த ஊற்றைத்தான் அவர் ஒரு நகரத்துக்கே போதுமான அளவில் செய்துகாட்டினார். மணல் இருந்தால்தான் இது நடக்கும். தென்பெண்ணையில் இன்று பல இடங்களில் பாறைதான் தெரிகிறது.

பிறகு பூனா. அங்கே கடக்வாஸ்லாவில் பழைய கல் அணை ஒன்று இருந்தது. அணையின் கலிங்கு வழியாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் உபரி நீர் வீணாகப் போய்க்கொண்டிருக்கும். கோடை வந்தால் ஊருக்குத் தண்ணீர் போதாது. அணையை உயர்த்துவதென்றால் செலவு, பழைய சுவரின் மேல் கூடுதல் பாரம். விஸ்வேஸ்வரய்யா சுவரைத் தொடவில்லை. கலிங்கின் மேல் சுமார் எட்டடி உயரத்துக்குத் தானியங்கி ஷட்டர்களை வைத்தார். வித்தை என்னவென்றால், ஷட்டரோடு பிணைத்த எடை ஒன்று கிணறு போன்ற தொட்டிக்குள் தொங்கும். நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டினால் தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் புகும். நீரில் எடையின் பாரம் குறையும். சமநிலை மாறி ஷட்டர்கள் தாமாகத் திறந்துகொள்ளும். வெள்ளம் வடிந்ததும் தாமாகவே மூடிக்கொள்ளும். நடு ராத்திரியில் வெள்ளம் வந்தால் லஸ்கரைத் தேடி ஓட வேண்டியதில்லை. 1903-ல் இந்த ஷட்டர்கள் அங்கே பொருத்தப்பட்டன. காப்புரிமை அவர் பெயரில் இருந்தும், சர்க்கார் சம்பளத்தில் இருக்கும்போது செய்த வேலைக்குத் தனியாக ராயல்டி எதற்கு என்று மறுத்துவிட்டார். பின்னாளில் குவாலியர் திக்ரா அணையிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் இதே ஏற்பாடு வந்தது.

ஷட்டர் என்றதும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2017 நவம்பர் ஞாபகம் வரும். காமராஜர் ஆட்சியில் 1950-களின் கடைசியில் கட்டி முடித்த நம் கே.ஆர்.பி. டேமில் அந்த மாதம் ஒரு ஷட்டர் உடைந்தது. நிரம்பியிருந்த அணை. உடைந்த ஷட்டரை மாற்றுவதற்காகவே சேர்த்து வைத்திருந்த தண்ணீரில் பெரும்பகுதியை ஆற்றில் விட வேண்டியதாயிற்று. அறுபது வருஷம் தண்ணீரில் நின்ற இரும்பு அது. அணை கட்டுகிறபோது அடிக்கல் நாட்டு விழா உண்டு, திறப்பு விழா உண்டு. ஷட்டருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு விழா கிடையாது. ஆகவே அதற்கு நிதியும் லேசில் கிடைப்பதில்லை. விஸ்வேஸ்வரய்யாவின் அறிக்கைகளில் பராமரிப்புக்கும் தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் கட்டுமானத்துக்கு நிகரான இடம் உண்டு. கால்வாய்ப் பாசனத்தில் கரும்புக்காரர்களே தண்ணீரை எல்லாம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, ஆயக்கட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பங்கில் கரும்பு, மற்றதில் வேறு பயிர்கள், வருஷா வருஷம் மாற்றி மாற்றி என்று பிளாக் முறையை அவர் புகுத்தினார். கான்கிரீட் ஒரு சட்டி கூடக் கொட்டாமல் பாசனப் பரப்பைக் கூட்டுகிற வேலை இது. இதையும் சிவில் இன்ஜினியரிங் என்றுதான் சொல்ல வேண்டும்.

1906-ல் ஏடன் துறைமுகத்துக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் திட்டமிடப் போனார். 1908-ல் பம்பாய் வேலையிலிருந்து ஓய்வு கேட்டுவிட்டார். வெள்ளைக்காரர்களைத் தாண்டித் தலைமைப் பொறியாளர் நாற்காலி இந்தியருக்குக் கிடைக்காது என்பது தெரிந்த காலம் அது.

அடுத்தது ஹைதராபாத். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்துக்கு இது நேரடிப் பாடம். 1908 செப்டம்பர் 28-ம் தேதி மூசி ஆறு ஹைதராபாத் நகருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டது. அவர் ஆற்றங்கரையில் நின்று சுவர் எழுப்பச் சொல்லிவிட்டு வரவில்லை. ஆற்றின் தலைப்பு வரை போய் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கணக்கெடுத்தார். மேலே நூற்றுக்கணக்கான சிறு ஏரிகள் தொடர் தொடராக இருந்தன. பேய்மழையில் ஓர் ஏரி உடைய, அந்த வெள்ளம் அடுத்த ஏரியை உடைக்க, அது அதற்கடுத்ததை உடைக்க, கடைசியில் எல்லாம் சேர்ந்து நகரத்தின் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே நகரத்துக்கு மேலேயே வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி மெதுவாக விடுகிற இரண்டு நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்றார். அவைதான் 1920-ல் முடிந்த உஸ்மான் சாகரும், 1927-ல் முடிந்த ஹிமாயத் சாகரும். வெள்ளத்தைத் தடுத்த அதே அணைகள் அந்த நகரத்துக்குப் பல பத்தாண்டுகள் குடிநீரும் கொடுத்தன. நகரத்துக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டமும் அவரே தந்தார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வேகத்தில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தீப்பெட்டி மாதிரி உருண்டு போனதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. தென்பெண்ணையின் குறுக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் சில மாதங்களுக்கு முன்புதான் திறந்த பாலம் ஒன்றும் போய்விட்டது. மழை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் கீழே இன்னொரு ஏரி உண்டு. இரண்டுக்கும் நடுவே போக்கு வாய்க்கால் உண்டு. அந்த வாய்க்காலை எஃப்.எம்.பி. புத்தகத்தில் பார்க்கலாம், இடத்தில் போய்ப் பார்த்தால் லே-அவுட் கல் நட்டிருக்கும். 1909-ல் ஒரு மனிதர் குதிரையிலும் வண்டியிலும் போய் ஏரி ஏரியாகப் பார்த்துச் செய்த வேலையைச் செய்ய இன்று நம்மிடம் சாட்டிலைட் இருக்கிறது.

1909 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளரானார். இனி நம் தஞ்சாவூர் நண்பர் காத்திருக்கும் பகுதி.

சிவனசமுத்திரத்தில் 1902-லேயே மின்சாரம் எடுத்து கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். தங்கச் சுரங்கத்துக்கு இடைவிடாத மின்சாரம், மாண்டியா பக்கத்து வறண்ட நிலத்துக்குப் பாசனம், இரண்டையும் சேர்த்துக் கண்ணம்பாடியில் பெரிய அணை என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். (அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன நம் ஜனங்கள் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.) 1911-ல் வேலை தொடங்கியது. சிமென்டுக்குப் பதிலாக, சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த சுர்க்கிச் சாந்து. நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர், உயரம் 130 அடி, கொள்ளளவு ஏறத்தாழ 49 டி.எம்.சி. முழுவதும் முடிய 1930-களின் தொடக்கம் ஆகிவிட்டது. கண்ணம்பாடி ஊரும் பல கிராமங்களும் தண்ணீருக்குள் போயின. அந்த மக்கள் வேறிடத்தில் புது வாழ்க்கை தொடங்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணம் 1892 ஒப்பந்தத்தைக் காட்டி ஆட்சேபித்தது. முதலில் சுமார் 80 அடிக்குத்தான் சம்மதம் கிடைத்தது. ஆனால் விஸ்வேஸ்வரய்யா அஸ்திவாரத்தை முழு உயரத்துக்கும் தாங்கும்படி அகலமாகவே போட்டுவிட்டார். மைசூர்க்காரர்கள் இதைத் தொலைநோக்கு என்பார்கள். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் முந்திக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அனுமதி வாங்காத மாடிக்கு இப்போதே காலம் எழுப்பி வைப்பதை எந்த டவுன் பிளானிங் ஆபீசர் ஒப்புக்கொள்வார்? விவகாரம் நடுவர் தீர்ப்புக்குப் போய், லண்டன் வரை போய், கடைசியில் 1924-ல் ஒப்பந்தமாயிற்று. அந்த ஒப்பந்தம் இருந்ததால்தான் 1925-ல் மேட்டூர் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கே.ஆர்.எஸ். கொள்ளளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மேட்டூர். இரண்டு தரப்பிலும் பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பேசிய காலம் அது. ஐம்பது வருஷம் கழித்து 1974-க்குப் பிறகு அது அரசியல்வாதிகள், வக்கீல்கள் கைக்குப் போனது. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. அதை அளக்கிற பிலிகுண்டுலு எங்கள் மாவட்டத்து எல்லையில்தான் இருக்கிறது.

எல்லையில் இருப்பவனுக்கு இந்த எண்கள் பேப்பரில் வருகிற சேதி அல்ல. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தபோது ஜூஜூவாடியோடு பஸ்கள் நின்றுவிட்டன. கைக்குழந்தையோடும் பெட்டியோடும் அத்திப்பள்ளி வரை ஜனங்கள் நடந்தே போனார்கள். என் சைட்டில் வேலை செய்த மேஸ்திரி ஆனேக்கல்காரர், கன்னடர்; கம்பி கட்டுபவர்கள் தர்மபுரிக்காரர்கள். அந்த வாரம் யாரும் யாரிடமும் காவிரியைப் பற்றிப் பேசவில்லை. ஒரே பாத்திரத்தில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு கான்கிரீட் போட்டோம்.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர் திவான். ஒரு சிவில் இன்ஜினியர் முதல் மந்திரி மாதிரியான பதவிக்கு வந்தது அபூர்வம். அந்த ஆறு வருஷத்தில் 1913-ல் மைசூர் பாங்க், 1915-ல் கன்னட சாகித்ய பரிஷத், 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம், 1917-ல் பெங்களூர் பொறியியல் கல்லூரி, சந்தன எண்ணெய், சோப்பு என்று வரிசையாக வந்தன. தொழில் வளர்ந்தால்தான் நாடு பிழைக்கும் என்பது அவர் கொள்கை. பத்ராவதி இரும்பாலை நஷ்டத்தில் தள்ளாடியபோது 1923-லிருந்து 1929 வரை தலைமை ஏற்று அதைத் தூக்கி நிறுத்தினார். தனக்குச் சேர வேண்டிய சம்பளத் தொகையைத் தொழிற்பயிற்சிக் கூடம் அமைக்கக் கொடுத்துவிட்டார். 1930-களில் பெங்களூர்ப் பக்கம் மோட்டார் கார் தொழிற்சாலை கொண்டுவர எவ்வளவோ அலைந்தார். அரசாங்கம் கை கொடுக்கவில்லை. அவர் காலமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, 1980-ல், பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரில் அசோக் லேலண்டு லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும் உருண்டு வரத் தொடங்கின.

1918-ல் அவர் திவான் பதவியை விட்டதற்கான காரணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அரசு வேலைகளில் பிற்பட்ட வகுப்பினருக்கு இடம் கொடுப்பதற்காக மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று விஸ்வேஸ்வரய்யா கருதினார், மகாராஜா தம் முடிவில் நின்றார், இவர் விலகிக்கொண்டார். நம் பேட்ச் குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். ஒதுக்கீடு இல்லையென்றால் அந்தப் போட்டோவில் நானும் இருந்திருக்க மாட்டேன். அரசு கொடுத்த உதவித்தொகையில்தான் அவரும் பூனா போனார். அந்த உதவி எத்தனை கிராமத்துப் பையன்களின் கைக்கு எட்டியது என்பதை அணைக் கணக்கு மாதிரி ஒரு நாள் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டிருக்கலாம். மகாராஜா போட்டார்.

மெழுகுவத்திக் கதை, ரயில் தண்டவாளக் கதை எல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். மைசூர்த் தலைப்பாகை, கோட்டு, கடிகாரம் தப்பாத நேர ஒழுங்கு, எதையும் எழுத்தில் வைக்கும் பழக்கம் ஆகியவை உண்மை. 1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். ஐந்தாண்டுத் திட்டங்கள் வருவதற்கு ரொம்ப முந்தி.

தென்பெண்ணைக்குத் திரும்பி வருகிறேன். ஓசூருக்கு மேலே கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் வெள்ளை நுரை பஞ்சுப் பொதி மாதிரி எழும்பி, தரைப்பாலத்தை மறைத்து, காற்றில் பறந்து வயலில் விழுகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் சாக்கடையும் சோப்பு நீரும் தட்சிண பினாகினி வழியாக வருவதன் விளைவு. மழை இல்லாத மாதங்களிலும் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று சந்தோஷப்படுவதா, அது என்ன தண்ணீர் என்று வருத்தப்படுவதா தெரியாமல் விவசாயிகள் அதைக் கொண்டுதான் பயிர் செய்கிறார்கள். குடிப்பதற்கு நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்துவிட்டது. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கே தெரியும்.

நுரைக்குப் பெங்களூரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எண்பதுகளிலிருந்து இந்தப் பக்கம் எத்தனையோ ஃபேக்டரி ஷெட் போட்டிருக்கிறேன். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், எஸ்டிமேட் அதிகம் என்று சொன்னது. எதைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தார்கள். முகப்பில் போடும் கிரானைட்டைக் குறைக்கவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியைப் பாதியாக்கினார்கள். நான் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன்; ஃபைலில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை, அதுவும் சரிதான். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெங்களூர் ஒரு காலத்தில் இருந்த அளவுக்கு நாம் வளர்ந்துகொண்டிருக்கிறோம். நமக்குக் கீழே கிருஷ்ணகிரி இருக்கிறது, அதற்குக் கீழே சாத்தனூர் இருக்கிறது. ஹைதராபாத்துக்கும் ஏடனுக்கும் குடிநீர் எஸ்டிமேட்டோடு சாக்கடை எஸ்டிமேட்டையும் சேர்த்தே கொடுத்தவர் விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த ஊர் ஆற்றில்தான் இந்த நுரை.

கடைசிக் காலத்து ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950-களின் தொடக்கத்தில் பீகாரில் கங்கை மேல் ரயிலும் ரோடும் சேர்ந்த பாலம் எங்கே கட்டுவது என்று ஆளாளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். மத்திய அரசு இவரிடம் விட்டது. வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. நேரில் போய்ப் பார்த்து, மோகாமா என்ற இடத்தை ஆதரித்து அறிக்கை கொடுத்தார். ராஜேந்திர சேது என்ற பெயரில் 1959-ல் அந்தப் பாலம் திறந்தது. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் இருந்தார். 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். உடலை முத்தேனஹள்ளிக்குக் கொண்டுபோய் எரியூட்டினார்கள்.

அவர் நினைவிடமும், பிறந்த வீட்டையொட்டிய காட்சியகமும் அங்கே இருக்கின்றன. ரீயூனியனுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மறுநாள் ஊர் திரும்பும் முன் நேரம் இருந்தால் சொல்லுங்கள், ஒரு வேன் பேசிவிடலாம். விடிகாலையில் ஓசூரிலிருந்து கிளம்பினால் பெங்களூர் டிராபிக்கில் மாட்டாமல் டிபன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தஞ்சாவூர் நண்பருக்கு ஜன்னல் ஓர சீட்டு ஒதுக்கியிருக்கிறேன்.